குழந்தையின் உறக்கம்: எப்போது பொறுத்திருக்கலாம், எப்போது மருத்துவரை நாடவேண்டும்?

வங்கிப் பணியில் இருப்போருக்கு மே, ஜூன் மாதங்கள் இடமாற்ற ஆணைகளின் மாதங்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கும் அவ்வாறு ஓர் ஆணை வந்தது. கவுகாத்தியில் மூன்றாண்டுகள் பணியாற்றியிருந்த நாங்கள், நான்கு வயது மகளுடனும் இருபத்திரண்டு அட்டைப்பெட்டிகளுடனும் அகமதாபாத் வந்து சேர்ந்தோம். வீடு கிடைத்தது, பள்ளியில் இடம் கிடைத்தது, சமையல் எரிவாயு இணைப்பும் கிடைத்தது. எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டதாக எண்ணியிருந்த மூன்றாம் வாரத்தில், ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு மகள் அலறினாள்.

அது வழக்கமான அழுகையன்று. படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் அகலத் திறந்திருந்தன. ஆனால் அவை எங்களைப் பார்க்கவில்லை. உடல் வியர்வையில் நனைந்திருந்தது. நெஞ்சில் கைவைத்தால் இதயம் படபடப்பது தெரிந்தது. "அம்மா, அம்மா" என்று கூவிக்கொண்டே, அணைக்க வந்த அம்மாவின் கைகளைத் தள்ளிவிட்டாள். ஏறத்தாழ பத்து நிமிடங்கள் கழிந்தபின் தானாகவே சாய்ந்து, எதுவும் நிகழாதது போல் உறங்கிப்போனாள். அன்றிரவு உறங்காதவர்கள் நாங்கள்தாம். காலையில் கேட்டபோது அவளுக்கு எதுவும் நினைவில்லை. தோசைக்குச் சர்க்கரை வேண்டும் என்பதே அவளுடைய ஒரே கவலையாக இருந்தது. அந்த வாரத்தில் மட்டும் நான்கு இரவுகள் இவ்வாறு கழிந்தன.

அறிவுரைகளுக்குக் குறைவில்லை. ஊரிலிருந்த பாட்டி தொலைபேசியில், "பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள்; வெள்ளிக்கிழமை உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுங்கள்" என்றார். அலறல் சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக் குஜராத்தி மூதாட்டியும் அதையே தம் மொழியில் சொன்னார். நண்பர் ஒருவர், சளி மருந்தில் அரைத் தேக்கரண்டி கொடுத்தால் குழந்தை அசையாமல் உறங்கும் என்றார். எங்கள் மனமோ வலிப்பு நோயாக இருக்குமோ என்று அஞ்சியது.

இறுதியில் குழந்தைநல மருத்துவரிடம் சென்றோம். அவர் முழுமையாகப் பரிசோதித்தபின், அதுவரை எவரும் கேட்காத மூன்று கேள்விகளைக் கேட்டார். "படுத்து எவ்வளவு நேரத்துக்குப்பின் அலறுகிறாள்? காலையில் அவளுக்கு நினைவிருக்கிறதா? ஒரு நாளில் மொத்தம் எத்தனை மணி நேரம் உறங்குகிறாள்?" முதல் இரண்டுக்கும் விடை சொன்னோம். மூன்றாவதற்குச் சொல்ல முடியவில்லை. நாள்தோறும் மாலையில் ரொக்க இருப்பை ஒரு ரூபாய் பிசகாமல் சரிபார்க்கும் எங்களிடம், பெற்ற மகளின் உறக்கத்துக்குக் கணக்கு இல்லை. "இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவாருங்கள், பிறகு பேசலாம்" என்றார் மருத்துவர்.

அந்த நோட்டுப் புத்தகம் எங்களுக்குக் கற்றுத் தந்தவற்றையே இங்கு வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம். சுருங்கச் சொன்னால் செய்தி ஒன்றுதான்: ஓர் உறக்கக் கோளாறு பார்ப்பதற்கு எவ்வளவு அச்சமூட்டுகிறது என்பது, அது எவ்வளவு கடுமையானது என்பதற்கு அளவுகோல் ஆகாது.

உறக்கம் ஒரே சீரானதன்று

இரவு முழுதும் உறக்கம் ஒரே நிலையில் இருப்பதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த யூஜின் அசெரின்ஸ்கி, தம் எட்டு வயது மகனை ஆய்வுக்கூடத்தில் உறங்கவைத்து, அவனுடைய கண்ணசைவுகளைக் கருவி மூலம் பதிவுசெய்தார். உறங்கும் சிறுவனின் மூடிய இமைகளுக்குள் கண்கள் இரவின் சில வேளைகளில் மட்டும் வேகமாக அசைவதை அவர் கண்டார். தம் பேராசிரியர் நதானியேல் கிளைட்மனுடன் சேர்ந்து 1953-இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, உறக்கத்தைப் பற்றிய அறிவியலையே மாற்றியது.

இன்று நாம் அறிந்தது இது: உறக்கம் சுழற்சிகளால் ஆனது. ஒவ்வொரு சுழற்சியிலும் ஆழ்ந்த உறக்கமும், கண்கள் வேகமாக அசையும் கனவு உறக்கமும் மாறிமாறி வருகின்றன. பெரியவர்களுக்கு ஒரு சுழற்சி ஏறத்தாழ 90 நிமிடங்கள் நீடிக்கும். கைக்குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. பிற்பகுதியில் கனவு உறக்கம் மிகுதி. ஒரு சுழற்சி முடிந்து மற்றொன்று தொடங்கும் இடைவெளியில் நாம் அனைவரும் சில நொடிகள் விழிக்கிறோம். புரண்டு படுத்து, விழித்ததே நினைவின்றி மீண்டும் உறங்கிவிடுகிறோம். குழந்தைகளும் அவ்வாறே. இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால், இரவில் நிகழும் பல செயல்களின் காரணம் விளங்கிவிடும்.

அலறலும் கெட்ட கனவும் ஒன்றல்ல

எங்கள் மகளுக்கு வந்தது கெட்ட கனவு அன்று. இரவுப் பீதி எனப்படும் நிலை. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து மூளையின் ஒரு பகுதி மட்டும் விழித்துக்கொள்ள, மற்றொரு பகுதி உறங்கிக்கொண்டே இருக்கும்போது இது நிகழ்கிறது. ஆழ்ந்த உறக்கம் இரவின் முற்பகுதியில் இருப்பதால், படுத்த ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் இது பெரும்பாலும் வந்துவிடும். குழந்தை கண்களைத் திறந்திருந்தாலும் உண்மையில் உறங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவேதான் பெற்றோரை அடையாளம் காண்பதில்லை. காலையில் நினைவும் இருப்பதில்லை. துன்பம் பார்ப்பவருக்கே அன்றிக் குழந்தைக்கன்று.

கெட்ட கனவு இதற்கு நேர்மாறானது. அது பெரும்பாலும் விடியலை ஒட்டிய கனவு உறக்கத்தில் வருவது. குழந்தை முழுமையாக விழித்துக்கொள்ளும். நம்மைத் தேடி வரும். கனவில் கண்டதைச் சொல்லும். மீண்டும் உறங்க அஞ்சும். அக்குழந்தையை அணைத்து ஆறுதல் கூறவேண்டும்.

இரவுப் பீதியிலோ, குழந்தையை உலுக்கி எழுப்புவதும் இறுக அணைப்பதும் குழப்பத்தை மிகுவிக்கும். அருகில் அமைதியாக இருந்து, கட்டிலிலிருந்து விழாமலும் எதிலும் மோதிக்கொள்ளாமலும் காத்துக்கொண்டாலே போதும். சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும். மறுநாள் அதைப்பற்றிக் குழந்தையிடம் துருவித்துருவிக் கேட்பதைத் தவிர்க்கலாம். இல்லாத அச்சத்தை நாமே ஊட்டியவர்களாவோம்.

உறக்கத்தில் எழுந்து நடப்பதும் இதே ஆழ்ந்த உறக்கத்தில் தோன்றும் நிலைதான். இவை இரண்டும் சில குடும்பங்களில் தொடர்ந்து காணப்படுபவை. நடக்கும் குழந்தையை மெதுவாகப் படுக்கைக்குத் திருப்பிவிடலாம். வாயிற்கதவு, மொட்டைமாடிக் கதவு, பால்கனிக் கதவு ஆகியவற்றுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் பொருத்துவது இன்றியமையாதது. பெரும்பாலான குழந்தைகளுக்கு வளரும்போது இந்நிலைகள் மறைந்துவிடுகின்றன.

கடிகாரம் ஒன்று, சூரியன் வேறு

இரவுப் பீதியைத் தூண்டும் காரணங்களுள் முதன்மையானது உறக்கக் குறைவு. காய்ச்சல், புதிய இடம், நிரம்பிய சிறுநீர்ப்பை ஆகியனவும் தூண்டக்கூடும். எங்கள் நோட்டுப் புத்தகத்தின் முதல் வாரப் பக்கங்களே விடையைக் காட்டிவிட்டன.

கவுகாத்தியில் மகள் இரவு 8 மணிக்கு உறங்கிக் காலை 6 மணிக்கு எழுவாள். காப்பகத்தில் மதிய உணவுக்குப்பின் ஒன்றரை மணி நேரம் உறங்கவைப்பார்கள். மொத்தம் பதினொன்றரை மணி நேரம். அகமதாபாத்திலோ அவள் கண்ணயர இரவு 10 மணி ஆயிற்று. பள்ளி வண்டிக்காகக் காலை 6.15-க்கு எழுப்பினோம். மதிய உறக்கம் நின்றுபோயிருந்தது. ஆக, எட்டேகால் மணி நேரம். நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பற்று எழுதப்பட்டு வந்தது, வரவே இல்லை.

இதற்குச் சூரியனும் ஒரு காரணம் என்று பின்னர் உணர்ந்தோம். இந்தியா முழுமைக்கும் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டிய ஒரே நேரம்தான். ஆனால் கவுகாத்திக்கும் அகமதாபாத்துக்கும் சூரியன் எழுவதிலும் மறைவதிலும் சுமார் ஒன்றேகால் மணி நேர வேறுபாடு உண்டு. ஜூன் மாதத்தில் கவுகாத்தியில் காலை 4.30 அளவில் விடிந்து மாலை 6.15 அளவில் பொழுது சாய்கிறது. அகமதாபாத்தில் காலை 6 மணியளவில் விடிந்து மாலை 7.30 அளவில்தான் சூரியன் மறைகிறது. அசாமின் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றில், இந்திய நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக ஓடும் 'தோட்ட நேரம்' இன்றும் வழக்கில் இருப்பதன் காரணம் இதுவே.

உறக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்னும் சுரப்பு, இருள் சூழும்போதுதான் மூளையில் சுரக்கத் தொடங்குகிறது. கவுகாத்தியில் இரவு 8 மணி என்பது இருட்டி நெடுநேரம் ஆன பொழுது. அகமதாபாத்தில் அப்போதுதான் குடியிருப்பு வளாகத்தில் குழந்தைகள் விளையாடி முடிக்கிறார்கள். வானில் வெளிச்சம் முற்றிலும் அகன்றிருக்காது. பள்ளிக்கூட மணியோ இரண்டு ஊர்களிலும் ஏறத்தாழ ஒன்றே. கிழக்கிலிருந்து மேற்கே மாற்றலாகும் குடும்பங்கள் இதனை மனத்தில் கொள்வது நன்று.

நாங்கள் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. படுக்கையறைச் சன்னலுக்குத் தடித்த திரைச்சீலை வாங்கினோம். இரவு உணவை 7.15-க்கு நகர்த்தினோம். 8 மணிக்கு வீட்டின் பெரிய விளக்குகளை அணைத்தோம். பள்ளியிலிருந்து வந்ததும் முக்கால் மணி நேரம் படுக்கவைத்தோம். காலையில் எழுந்தவுடன் பத்து நிமிடம் வெயிலில் நிற்கவைத்தோம். மூன்று வாரங்களில் உறக்கம் பத்தரை மணி நேரத்தைத் தொட்டது. அலறலும் வாரம் ஒருமுறையாகக் குறைந்து, பின்பு நின்றது. இரண்டு மாதம் கழித்துக் காய்ச்சல் கண்ட ஓர் இரவில் மட்டும் மீண்டும் வந்தது. அப்போது நாங்கள் அஞ்சவில்லை.

எவ்வளவு உறக்கம் தேவை?

அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரை, பகல் உறக்கத்தையும் சேர்த்து ஒரு நாளுக்குத் தேவையான உறக்கத்தை இவ்வாறு வகுக்கிறது:

4 முதல் 12 மாதம் வரை: 12 முதல் 16 மணி நேரம்.
1 முதல் 2 வயது வரை: 11 முதல் 14 மணி நேரம்.
3 முதல் 5 வயது வரை: 10 முதல் 13 மணி நேரம்.
6 முதல் 12 வயது வரை: 9 முதல் 12 மணி நேரம் (இவ்வயதில் பகல் உறக்கம் பெரும்பாலும் இராது).

ஐந்து வயதுக்குட்பட்டோருக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறத்தாழ இவ்வாறே கூறுகிறது. உறக்கம் குறைந்த பெரியவர்கள் சோர்ந்து காணப்படுவார்கள். உறக்கம் குறைந்த குழந்தைகளோ பெரும்பாலும் துள்ளிக் குதிப்பார்கள், அடம்பிடிப்பார்கள், ஓரிடத்தில் உட்காரமாட்டார்கள். "இவனுக்குத் தூக்கமே வரவில்லை, பாருங்கள் எப்படி ஆடுகிறான்" என்று நாம் சொல்லும் வேளையில், அவனுக்குத் தேவைப்படுவது உறக்கமாகவே இருக்கக்கூடும்.

இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. அரையாண்டு, ஆண்டு முடிவுக் கணக்குக் காலங்களில் நாங்கள் வீடு திரும்ப ஒன்பது மணியாகும். அதுவரை குழந்தை எங்களுக்காகவே விழித்திருக்கும். நாங்கள் வந்தபின்பே அதன் விளையாட்டு தொடங்கும். அந்த மகிழ்ச்சியைப் பறிக்க மனம் வராது. எனினும், அந்த நாள்களில் இரவு விளையாட்டைக் காலை நேரத்துக்கு மாற்றிக்கொண்டோம். அரைமணி முன்னதாக எழுந்து மகளோடு விளையாடியபின் அலுவலகம் செல்வது எங்களுக்கும் பழகிப்போயிற்று.

அடிக்கடி காணும் பிற இடையூறுகள்

இரவில் பலமுறை விழித்து அழும் குழந்தை: தோளில் சாய்த்தோ, தொட்டிலை ஆட்டியோ, பாட்டிலில் பால் கொடுத்தோ மட்டுமே உறங்கவைக்கப்பட்ட குழந்தை, சுழற்சிகளுக்கு இடையே விழிக்கும்போதும் அதையே எதிர்பார்க்கும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட, நலமாக வளரும் குழந்தையாயின், கண்கள் செருகும் நிலையில், ஆனால் முழுதும் உறங்கிவிடாத நிலையில் படுக்கையில் கிடத்திப் பழக்கலாம். பெற்றோருடன் ஒரே அறையில் உறங்கும் நம் வழக்கத்துக்கு இது முரணன்று. அருகில் படுத்துக்கொண்டே இதனைச் செய்யலாம்.

படுக்கைக்குச் செல்ல மறுத்தல்: "இன்னும் ஒரு கதை", "தண்ணீர் வேண்டும்", "மீண்டும் சிறுநீர் வருகிறது" என்று நீளும் பட்டியல் எல்லா வீடுகளிலும் உண்டு. நாள்தோறும் ஒரே வரிசையில் அமையும் வழக்கம் இதற்கு நல்ல மருந்து. பல் துலக்குதல், உடை மாற்றுதல், ஒரு கதை, விளக்கணைத்தல் என்று அரைமணி நேரத்துக்குள் முடியும் வரிசை போதும். விடுமுறை நாளிலும் அதனைக் காப்பதே கடினமான பகுதி.

கால் குடைச்சல்: படுத்தபின் கால்களை ஓயாமல் அசைப்பதும், அமுக்கிவிடச் சொல்வதும், உறக்கத்தில் உதைப்பதும் சில வேளைகளில் இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்புடையவை. 2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. ஆகவே, இத்தகைய குழந்தைக்கு இரத்தப் பரிசோதனை செய்துபார்ப்பது பற்றி மருத்துவரைக் கேட்கலாம். பரிசோதனையின்றி இரும்புச்சத்து மருந்தைத் தாமாகத் தொடங்கக்கூடாது.

படுக்கையில் சிறுநீர் கழித்தல்: ஐந்து வயது வரை இது நோயன்று, திட்டுவதற்கும் உறவினர் முன் கேலி செய்வதற்கும் உரியதன்று. ஆனால், ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காதிருந்த குழந்தை மீண்டும் நனைக்கத் தொடங்கினால் காரணத்தைத் தேடவேண்டும். மலச்சிக்கல், சிறுநீர்த்தொற்று, நீரிழிவு, மன அழுத்தம், மூச்சுத் தடை என அது பலவாறாக இருக்கலாம்.

சிரித்துக் கடந்துபோன குறட்டை

எங்கள் மகளின் அலறல் இவ்வாறு அடங்கிய அதே ஆண்டு, நவராத்திரி விடுமுறைக்கு உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் குடும்பத்துடன் எங்கள் வீட்டில் தங்கினார். அவர்களுடைய ஐந்து வயது மகன் நன்றாக உறங்கும் பிள்ளை என்று பெயர் பெற்றவன். ஒன்பது மணிக்குப் படுத்தால் காலை ஏழு வரை எழமாட்டான். குறட்டை மட்டும் அடுத்த அறை வரை கேட்கும். "அப்படியே அவன் தாத்தா" என்று எல்லோரும் சிரிப்பார்கள். நாங்களும் சிரித்தோம்.

அன்றிரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது அந்தக் குறட்டை திடீரென நின்றதைக் கவனித்தோம். கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, வாயைத் திறந்தபடி பையன் படுத்திருந்தான். நெஞ்சு ஏறி இறங்கியது. ஆனால் மூச்சின் ஒலி இல்லை. சில நொடிகள் கழித்து, நீருக்குள்ளிருந்து வெளியே வருபவனைப்போல் திணறி மூச்சை இழுத்தான். மீண்டும் குறட்டை தொடங்கியது. சிறிது நேரத்தில் இன்னொரு முறை. நோட்டுப் புத்தகம் எழுதிப் பழகியிராவிட்டால் நாங்கள் அங்கே நின்றிருக்கவே மாட்டோம்.

நண்பரை எழுப்பிக் காட்டினோம். அலைபேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்துகொண்டார். காலையில் பேசும்போது ஒவ்வொன்றாக வெளிவந்தன: பகலிலும் வாய்வழியே மூச்சுவிடுகிறான், காலையில் தலை வலிக்கிறது என்கிறான், தலையணை வியர்வையில் நனைகிறது, நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்கியுள்ளது, வகுப்பில் கவனமில்லை என்று ஆசிரியர் இருமுறை எழுதியனுப்பியிருக்கிறார். பத்து மணி நேரம் உறங்கியும் அவன் ஓய்வு பெறவில்லை.

மூக்குக்குப் பின்புறமுள்ள அடினாய்டு என்னும் சதையும், தொண்டையின் இருபுறமுள்ள டான்சில்களும் சிறு வயதில் பெரிதாக இருப்பவை. அவை அளவுக்கு மீறி வளர்ந்தால், உறக்கத்தில் தசைகள் தளரும்போது மூச்சுப்பாதை அடைபடும். மூச்சுத் தடைப்படும் ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் பிராணவாயு குறையலாம். மூளை உறக்கத்தைக் கலைத்து மூச்சை மீட்கும். குழந்தைகளில் 100-க்கு ஒருவர் முதல் ஐவர் வரை இந்த உறக்க மூச்சுத்தடை இருப்பதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. கவனிக்காமல் விட்டால் வளர்ச்சி, படிப்பு, நடத்தை, இரத்த அழுத்தம், இதயம் ஆகியவற்றைப் பாதிக்கக்கூடும்.

அந்தப் பையனைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தார். இரவு முழுதும் மூச்சையும் இதயத்துடிப்பையும் மூளை அலைகளையும் பதிவுசெய்யும் உறக்கப் பரிசோதனை நடந்தது. பின்னர் அறுவைச் சிகிச்சையில் டான்சிலும் அடினாய்டும் அகற்றப்பட்டன. சில மாதங்கள் கழித்து நண்பரைக் கேட்டோம். "இப்போது வீடு அமைதியாக இருக்கிறது, அந்த அமைதி பழகாமல், பையன் மூச்சுவிடுகிறானா என்று நாங்கள்தாம் எழுந்துபோய்ப் பார்க்கிறோம்" என்றார்.

தெருவையே எழுப்பிய எங்கள் மகளின் அலறலுக்குத் தேவைப்பட்டது ஒரு திரைச்சீலையும் ஒழுங்கான நேரமும். எல்லோரும் சிரித்துக் கடந்துபோன குறட்டைக்கோ அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது.

எப்போது மருத்துவரை நாடவேண்டும்?

கீழ்க்காணும் அறிகுறிகளுள் ஏதேனும் ஒன்று இருந்தாலும் குழந்தைநல மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

• சளி இல்லாத நாள்களிலும் வாரத்தில் மூன்று இரவுகளுக்கு மேல் குறட்டை. உறக்கத்தில் மூச்சு நிற்பது போன்ற இடைவெளி, திணறல். எப்போதும் வாய்வழி மூச்சு.

• போதிய நேரம் உறங்கியும் பகலில் சோர்வு, காலைத் தலைவலி, கவனக்குறைவு, கட்டுக்கடங்காத துறுதுறுப்பு. எடையும் உயரமும் வயதுக்கேற்ப ஏறாமை.

• ஒரே இரவில் பலமுறை, ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக நிகழும் அசைவுகள். கை கால் சீராக வெட்டி இழுத்தல், நாக்கைக் கடித்துக்கொள்ளுதல். இவை வலிப்பின் அறிகுறிகளாக இருக்கலாம்.

• இரவுப் பீதியோ உறக்க நடையோ வாரத்தில் பலமுறை நிகழ்தல், அரைமணி நேரத்துக்கு மேல் நீடித்தல், காயம் ஏற்படுத்துதல்.

• நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல். அதனுடன் மிகுந்த தாகமும் எடைக் குறைவும் இருந்தால் அன்றே காட்டவேண்டும்.

• ஒரே கெட்ட கனவு தொடர்தல். குறிப்பிட்ட ஒருவரையோ ஓர் இடத்தையோ கண்டு குழந்தை அஞ்சுதல். இங்கு குழந்தையின் சொல்லை நம்பிக் கேட்பதே முதற் சிகிச்சை. தேவையெனில் குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணை அழைக்கலாம்.

உதடு நீலம் பாய்தல், எழுப்பியும் எழாமை, மூச்சுத் திணறல் தொடர்தல், ஐந்து நிமிடங்களுக்கு மேல் வலிப்பு ஆகியவை கண்டால் நோட்டுப் புத்தகத்துக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

மருத்துவரிடம் செல்லும்போது இரண்டு பொருள்களை எடுத்துச் செல்லுங்கள். ஒன்று, இரண்டு வாரக் குறிப்பு: படுத்த நேரம், உறங்கிய நேரம், விழித்த நேரங்கள், எழுந்த நேரம், பகல் உறக்கம், அன்றைய காய்ச்சல் போன்ற செய்திகள். மற்றொன்று, அலைபேசியில் எடுத்த ஓரிரு நிமிடப் பதிவு. "ராத்திரி ஒரு மாதிரி செய்கிறான்" என்னும் சொற்களைவிட இவ்விரண்டும் மருத்துவருக்குப் பன்மடங்கு பயன்படும்.

மருந்துக் குப்பியை நாடவேண்டா

உறங்கவைப்பதற்காகச் சளி, இருமல் மருந்துகளைக் கொடுக்கும் வழக்கம் படித்தவர் வீடுகளிலும் உள்ளது. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் ஆகிய இரண்டும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்னும் எச்சரிக்கையை உறையில் அச்சிட வேண்டுமென 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்தியது. பெரியவர்களின் உறக்க மாத்திரையில் ஒரு துண்டும், கடையில் கிடைக்கும் மெலடோனினும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கத்தக்கவை அல்ல. மூச்சுத்தடை உள்ள குழந்தைக்கு மயக்கமூட்டும் மருந்து கொடுப்பது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

திரைகளைப் பொறுத்தவரை, இந்தியக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2021-இல் தெளிவாக வரையறுத்துள்ளது. இரண்டு வயது வரை திரையே கூடாது. தாத்தா பாட்டியுடன் எப்போதாவது காணொலியில் பேசுவது மட்டும் விலக்கு. இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், பெரியவர் துணையுடன் பார்க்கலாம். படுக்கைக்கு முந்திய ஒரு மணி நேரத்தில் திரை இல்லாதிருப்பது நன்று.

சுற்றிப் போடச் சொன்ன பாட்டியின் மனத்தை நாங்கள் புண்படுத்தவில்லை. உப்பும் மிளகாயும் சுற்றினோம். நோட்டுப் புத்தகத்திலும் எழுதினோம். நம்பிக்கைக்கு உரிய இடத்தை அதற்குக் கொடுத்து, மருத்துவருக்கு உரிய இடத்தை மருத்துவருக்குக் கொடுப்பதில் தடையேதுமில்லை.

எங்கள் துறையிலிருந்து ஒரு சொல்

மருத்துவக் காப்பீடு எடுத்துள்ள வாடிக்கையாளர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பல காப்பீட்டுத் திட்டங்களில் டான்சில், அடினாய்டு அறுவைச் சிகிச்சைகள் 24 மாதக் காத்திருப்புக் காலத்துக்கு உட்பட்டவை. பிள்ளை பிறந்தவுடன் குடும்பக் காப்பீட்டில் அதன் பெயரைச் சேர்த்துவிட்டால், இத்தகைய சிகிச்சை தேவைப்படும் வயதுக்குள் அக்காலம் கழிந்துவிடும். இடமாற்றத்தின்போது காப்பீட்டைப் புதுப்பிக்கத் தவறி இடைவெளி விட்டால், இதுவரை கிடைத்த காலக்கணக்கை இழக்க நேரிடும். எங்கள் நண்பர் இதில் தப்பியது, முந்திய ஆண்டுகளில் தவணை தவறாமல் செலுத்தி வந்ததால்தான். காப்பீடு இல்லாத குடும்பங்கள், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக 2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவை அங்கன்வாடி அல்லது அரசுப் பள்ளி வழியாக அணுகி, அரசு மருத்துவமனைக்குப் பரிந்துரை பெறலாம்.

எங்கள் மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். இரவில் அலறியதெல்லாம் அவளுக்குக் கதையாகவே தெரியும். அந்த நோட்டுப் புத்தகம் மட்டும் பழைய சேமிப்புக் கணக்குப் புத்தகங்களோடு அலமாரியில் இருக்கிறது. முதல் பக்கத்தில் 'உறக்கம்: எட்டேகால் மணி' என்றும், கடைசிப் பக்கத்தில் 'பத்தரை மணி, அலறல் இல்லை' என்றும் எழுதப்பட்டிருக்கும். உங்கள் வீட்டுக் குழந்தை இன்றிரவு உறங்கியபின், விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் அதன் அருகில் உட்கார்ந்து மூச்சைக் கேளுங்கள். சீரான மூச்சாயின் மனநிறைவோடு நீங்களும் உறங்கச் செல்லலாம். இல்லையாயின், நாளை காலை செய்யவேண்டியது என்ன என்பது உங்களுக்குத் தெரியும்.